ஆயில் மீட்டர் முள் விழுந்தால்

சுவா, போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலும் நம் நாட்டின் மற்றத் தோட்டங்களிலும் வளர்ந்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பல தோட்டங்களில் மின்சாரம் என்பது எஞ்சின் கொட்டகையிலிருந்து வந்த ஒன்று. மாலையில் டீசல் எஞ்சின் முழங்கினால் லயத்தில் விளக்கு எரியும்; இரவில் அது ஓய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். தொழிலாளர் வீடுகளுக்கு மின்சார வசதி செய்து தருவதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகளின் கடமையாக்கியது. இன்று பொதுக் கம்பி வந்துவிட்டாலும், புயல் மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மறுபடியும் ஜெனரேட்டரைத்தான் தேடுகிறோம். பிள்ளைகளின் பரீட்சைப் படிப்பு, தண்ணீர் பம்பு, கோயில் திருவிழா எல்லாம் அதை நம்பி இருக்கும் வேளைகள் உண்டு.

அந்த எஞ்சினின் முகப்பில் ஒரு சிறிய மீட்டர் இருக்கிறது. எண்ணெய் அழுத்தமானி என்பது அதன் பெயர். நாம் ஆயில் மீட்டர் என்போம். திடீரென அதன் முள் கீழே விழுந்துவிட்டால் பழுது எஞ்சினிலா, மீட்டரிலா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே நம் இன்றைய பேச்சு.

முதலில் அழுத்தம் எதற்கு என்று பார்ப்போம். ஜெனரேட்டர் எஞ்சின்களில் பெரும்பாலானவை நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுற்றுகின்றன. அதாவது ஒரு விநாடிக்கு 25 சுற்று. சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. பம்பு அழுத்தித் தள்ளும் எண்ணெயால்தான் அது நிலைக்கிறது. எண்ணெய் வராவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். சில நிமிடங்களிலேயே பேரிங் உருகி எஞ்சின் இறுகிப் போகலாம். பிறகு மீட்டரை மாற்றும் செலவு அல்ல, எஞ்சினையே பிரித்துக் கட்டும் செலவு.

ஆகவே முதல் விதி இது: முள் விழுந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள். நிறுத்திய பின் ஆராயலாம்; எஞ்சின் இறுகிய பின் ஆராய்ந்து பயன் இல்லை.

இரண்டாவது, கொட்டகையில் கை வைக்குமுன் தானாக இயங்கும் சுவிட்சை மாற்றி வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால், பொதுக் கம்பியில் மின்சாரம் போன நொடியில் எஞ்சின் தானே கிளம்பி விரலைப் பறித்துவிடும். இந்த வேலை பயிற்சி பெற்ற எஞ்சின்காரருடையது. சிறுவர்கள் எட்டி நின்று பார்க்கலாம்.

இப்போது எண்ணெயைப் பார்ப்போம். சில நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுங்கள். இரு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் இருக்க வேண்டும். டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது. பால் காப்பி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. இவை எஞ்சினின் நோய்கள். மீட்டர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

எண்ணெய் சரியாக இருந்தால் மீட்டரை ஆராயலாம். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் சிறு செப்புக் குழாய் வழியே எண்ணெயே மீட்டருக்குள் வரும். திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கும் சுருள் ஊதியைப் பார்த்திருப்பீர்கள்; ஊதினால் விரியும், விட்டால் சுருளும். மீட்டருக்குள்ளும் அப்படி வளைந்த உலோகக் குழாய் ஒன்று உண்டு. அழுத்தம் ஏறினால் அது சற்றே விரிந்து முள்ளைத் தள்ளும். பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சின் நின்ற பின்னும் முள் சுழிக்கு வராமல் 20இல் நின்றால், மீட்டர் கெட்டது என்பது தெளிவு. செப்புக் குழாய் அதிர்வில் விரிசல் விட்டிருக்கிறதா, கசிகிறதா, அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது வகை மின்சார மீட்டர். எஞ்சினில் திருகிய சென்சர் அழுத்தத்தை உணர்கிறது. ஒரு கம்பி அந்தச் செய்தியைக் கொண்டு போகிறது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சரில் உள்ள கம்பியைக் கழற்றுங்கள். முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். கம்பி நுனியை எஞ்சினின் சுத்தமான இரும்பில் கணநேரம் தொட்டால் மறு கோடிக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் மீட்டரும் கம்பியும் நலம். சந்தேகம் சென்சர் மேல். முள் அசையாவிட்டால் கம்பியோ, மீட்டரோ, அதற்கு வரும் மின்சாரமோ பழுது. எண்களாகக் காட்டும் புதிய பலகையில் இதைச் செய்யாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இங்கே ஒரு நுட்பம். பல சென்சர்களுக்கு அவற்றின் மரைதான் எர்த்து. கசியாமல் இருக்கட்டும் என்று மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினால் எர்த்து விட்டுப்போகும். புதுச் சென்சரும் பொய் சொல்லும்.

கடைசிச் சோதனையே தீர்ப்பு. நன்றாக இருக்கும் வேறொரு கை மீட்டரைச் சென்சர் இருந்த துளையில் மாட்டி எஞ்சினைக் கிளப்புங்கள். பத்து விநாடிக்குள் முள் எழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எழுந்தால் எஞ்சின் சூடாகும் வரை கவனியுங்கள். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருப்பதால் முதலில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்; சூடேறினால் இறங்கும். பல எஞ்சின்களில் சூடான பின் சதுர அங்குலத்திற்கு 40 முதல் 60 ராத்தல் இருக்கும். ஆனால் உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவே சரியான அளவு.

கை மீட்டர் நல்ல அளவைக் காட்டினால் மகிழ்ச்சி. பழைய மீட்டரையோ சென்சரையோ மாற்றினால் போதும். அதுவும் குறைவாகவே காட்டினால் பழுது உள்ளே இருக்கிறது. அடைத்த சல்லடை, திறந்தபடி சிக்கிய அழுத்த வால்வு, தேய்ந்த பம்பு, தேய்ந்த பேரிங் இவற்றுள் ஏதோ ஒன்று. மெக்கானிக் வரும்வரை அந்த எஞ்சின் ஓடக் கூடாது.

அழுத்தம் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் காவல் சுவிட்சும் உண்டு. ‘அடிக்கடி நின்று தொல்லை தருகிறது’ என்று அதன் கம்பியைப் பிடுங்கி விடுவோர் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்க நாயின் வாயைக் கட்டுவது போன்றது அது. திருடன் வரும் இரவில்தான் நட்டம் தெரியும்.

நேயர்களே, இதற்கெல்லாம் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்கள். எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நாளும் தேதி, ஓடிய மணி, சூடான பின் ஆயில் மீட்டர் காட்டிய எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 50 காட்டியது மாதந்தோறும் 45, 40 என மெல்ல இறங்கினால் எஞ்சின் தேய்கிறது என்று அறியலாம். ஒரே நாளில் சுழிக்கு விழுந்தால், மீட்டரையும் சந்தேகிக்கலாம். ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சந்தேகியுங்கள்.

நம் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பழகட்டும். எண்ணைப் படிக்கவும், எழுதி வைக்கவும், காரணம் கேட்கவும் தெரிந்த பிள்ளைக்கு நாளை ஒரு நல்ல தொழில் கையில் இருக்கும்.