ஒரு சர்க்கரை தீர்மானிக்கும் தலையெழுத்து

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் முன்னோடிச் செல்கள் இங்கே வந்துதான் நோயெதிர்ப்புப் படையின் டி செல்களாக வளர்கின்றன. ஆனால் உள்ளே நுழையும்போது அவற்றுக்குப் பி செல்லாக மாறும் திறனும் மிச்சமிருக்கும். அந்தப் பாதையை அடைப்பது 'நாட்ச்-1' என்ற ஏற்பி. தைமஸ் செல்களின் மேலுள்ள டெல்டா வகைப் புரதம் இதைப் பற்றி இழுத்ததும் ஏற்பி அறுபடும். அதன் உட்பகுதி நேராக உட்கருவுக்குப் போய் மரபணுக்களை முடுக்கிவிடும். 1999-ல் எலிகளில் நாட்ச்-1 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். டி செல்கள் உருவாகவில்லை. தைமஸுக்குள் பி செல்கள் பெருகின.

இந்த ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒரே மாதிரியான 36 மடிப்புகள் உள்ளன. அவற்றில் பலவற்றின் மேல் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை ஒட்டியிருக்கும். 'லூனடிக் ஃபிரிஞ்ச்' என்ற நொதி அதன்மேல் இன்னொரு சர்க்கரையைச் சேர்க்கிறது. (லூனடிக் என்றால் பைத்தியம், இதன் உறவு நொதிகளுக்கு மேனிக், ராடிக்கல் என்று பெயர். வைத்தவர்களின் குறும்பு!) சர்க்கரை ஏறிய நாட்ச், டெல்டாவை இறுகப் பிடித்துக்கொள்ளும். மரபணு மாறவில்லை, புரதமும் மாறவில்லை. மேற்பூச்சு மட்டுமே வேறு. மரபணு வரிசையை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது.

வேடிக்கை இனிமேல்தான். இளஞ்செல்களில் இந்த நொதி மிகுதி. நடுப்பருவத்தை எட்டியதும் அது குறைந்துவிடும். 2001-ல் ஆய்வாளர்கள் எலிகளில் அதைக் குறையவிடாமல் செய்தார்கள். தைமஸில் பி செல்கள் முளைத்தன! நொதி கூடினால் டி செல்தானே கூட வேண்டும்? காரணம், இடப்போட்டி. தைமஸில் பெரும்பான்மை நடுப்பருவச் செல்களே. சர்க்கரைப் பூச்சோடு அவை டெல்டாவை வளைத்துப் பிடித்துக்கொண்டதால், புதிதாக வந்தவற்றுக்குச் சமிக்ஞை கிடைக்கவில்லை. அவை பி செல்களாயின. மறுபக்கம், இந்த நொதி இல்லாத முன்னோடிகளைச் சாதாரண முன்னோடிகளோடு கலந்துவிட்டால் அவை போட்டியில் பின்தங்கின. வளர்ந்த செல் பிடியைத் தளர்த்தி வழிவிடுவதும் வளர்ச்சியின் ஒரு பகுதிதான் என்பது இதில் தெரிகிறது.

இதே சமிக்ஞை அடங்காமல் போனால் ஆபத்து. டி செல் வகைக் கடும் ரத்தப்புற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் நாட்ச்-1 மரபணு திரிந்திருப்பதை 2004-ல் கண்டார்கள். அதை அடக்கும் மருந்துகள் சோதிக்கப்பட்டன. ஆனால் குடலுக்கும் நாட்ச் தேவை என்பதால், கடும் வயிற்றுப்போக்கு அவற்றுக்குப் பெருந்தடையாகிவிட்டது.