டைகர் மாத்: கூரைக்கடியில் நின்றாலும் செலவு வைக்கும் விமானம்

1935-இல் திருவனந்தபுரத்தில் டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் வந்திறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு வைஸ்ராய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் வந்தது. அந்த விமானத்தின் இறக்கைகளும் வாலும் அதற்கு மூத்த டைகர் மாத்திலிருந்து எடுத்தவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் நம் விமானிகள் பறக்கக் கற்றது அந்த டைகர் மாத்தில்தான்.

1931-இல் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய ஈரடுக்கு இறக்கை விமானம் இது. முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள். உடலுக்கு எஃகுக் குழாய்ச் சட்டம், இறக்கைக்கு மரச்சட்டம். மேலே துணி போர்த்தி, டோப் என்னும் பூச்சால் விறைப்பாக்குவார்கள். வெற்று எடை ஏறக்குறைய 500 கிலோ. எஞ்சின் 130 குதிரைத்திறன் கொண்ட ஜிப்ஸி மேஜர்.

பேட்டரியும் ஸ்டார்ட்டரும் கிடையாது. எஞ்சினின் சிலிண்டர்கள் தலைகீழாக இருப்பதால் நிற்கும்போது எண்ணெய் அவற்றில் இறங்கித் தேங்கும். ஆகவே சுவிட்சை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகே சுவிட்சைப் போட்டு, ஒருவர் புரொப்பெல்லரை வீசிச் சுழற்றுவார்.

வானில் ஏறியபின் கையும் காலும் ஒத்துப்போக வேண்டும். திரும்புவதற்குக் கட்டுப்பாட்டுக் குச்சியை மட்டும் சாய்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். காலால் வாலிலுள்ள ரடரையும் சேர்த்து அழுத்தினால்தான் ஒழுங்காகத் திரும்பும். பழகுபவரின் பிழையை இது மறைக்காது. பயிற்சிக்கு உகந்ததானதும் அதனால்தான்.

இறங்கும்போது பிரேக் இல்லை. வாலடியில் உள்ள கட்டை புல்லில் உரசித்தான் வேகம் குறையும். அகன்ற புல்வெளியில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதை எதிர்கொண்டு இறங்குவதற்கென்று செய்த விமானம் இது. திருவனந்தபுரத்து ஓடுபாதையோ கடற்கரைக்கு இணையாக நீள்கிறது. கடற்காற்று குறுக்கே அடிக்கும். கெட்டித் தரையும் குறுக்குக் காற்றும் சேர்ந்தால் இந்த இலகுவான விமானத்தை நேராக ஓட்டுவது கடினம்.

செலவைப் பார்ப்போம். மணிக்கு 30 லிட்டர் அளவில் விமானப் பெட்ரோல் குடிக்கும். இந்தியன் ஆயில் 2022-இல் தயாரிக்கத் தொடங்கும்வரை அந்த எரிபொருள் நமக்கு இறக்குமதிதான். ஆனாலும் பெரிய செலவு எரிபொருள் அல்ல. யானையைப் போல இதுவும் வேலை இல்லாத நாளிலும் தீனி கேட்கும். ஈரக்காற்றில் மரம் ஊதும், பசை விடும், துணி நைந்துபோகும், உப்பு பட்டால் எஃகு துருப்பிடிக்கும். ஆகவே ஈரம் புகாத கொட்டகை வேண்டும். சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் இழுகம்பிகளைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். துணியை உரித்து மரத்தைச் சோதித்து மறுபடி போர்த்த வேண்டும்.

பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட டைகர் மாத் ஒன்று 2012 இந்திய விமானப்படை நாளில் ஹிண்டன் தளத்தின் வானில் பறந்தது. இதன் மரம், துணி, கம்பி எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள்தான் அரிது. இந்த விமானத்துக்குச் செலவிடும் பணம் அந்தக் கைத்தொழிலையும் சேர்த்தே காக்கிறது.