பத்திரத்தில் அவள் பெயர்

காலையில் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஐ.டி. வளாக வாசலில் சற்று நின்றாலே போதும், கேரளப் பெண்கள் படிப்பிலும் வேலையிலும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இங்கே 20–24 வயதுப் பெண்களில் 18 நிரம்பும் முன் மணமானவர்கள் 6.3 சதவீதம்தான். நாட்டின் கணக்கு 23.3 என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு.

சின்ன வயதில் கட்டிக்கொடுத்தால் அடி அதிகம் என்பது வெறும் ஊகமல்ல. 34 நாடுகளின் தரவை அலசி 2017-இல் வெளியான ஆய்வில், சிறுமியாக மணமான இளம்பெண்களில் 29 சதவீதத்தினர் முந்தைய ஓராண்டில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். 18-க்குப் பின் மணமானவர்களிலோ 20 சதவீதம்.

அந்த இருபதுதான் உறுத்துகிறது. நம் தமிழ்நாட்டையே பாருங்கள். அதே தேசிய ஆய்வில் இளவயது மணம் 12.8 சதவீதம், ஏறக்குறைய நாட்டின் சராசரியில் பாதி. கணவனின் வன்முறைக்கு ஆளானவர்களோ 38.1 சதவீதம், நாட்டின் சராசரியே 29.3, கேரளத்தில் 9.9. வயது மட்டும் காரணமென்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

விடையின் ஒரு பகுதி கழக்கூட்டத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, உள்ளூர் என்ற இடத்தில் லாரி பேக்கர் செங்கல்லில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து வந்தது. அங்கிருந்த பிரதீப் பாண்டாவும் டெல்லிப் பொருளியலாளர் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மணமான 502 பெண்களிடம் திரட்டிய தகவலை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். தன் பெயரில் வீடோ நிலமோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் அடிபட்டிருந்தனர். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18, வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. படிப்பு, குடும்ப வசதி, கணவனின் குடி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் சொத்தின் பங்கு அழியவில்லை.

காரணம் எளியது: போக ஓர் இடம். அடிபட்டவர்களுள் சொத்துள்ளோரில் 71 சதவீதத்தினர் வீட்டைவிட்டு வெளியேறினர். இல்லாதோரில் 19 சதவீதத்தினர்தான். வெளியேறியவர்கள் மொத்தம் 43 பேர். அவர்களில் 24 பேர் திரும்பி வந்தார்கள். அந்த 24 பேரில் பெரும்பாலோர் கையில் எதுவும் இல்லாதவர்கள்.

சம்பளம் போதாதா? அதே ஆய்வில், மனைவியின் நிரந்தர வேலை ஓரளவு காத்தது, தற்காலிக வேலை காக்கவில்லை. கணவனைவிட மேலான வேலையில் இருந்த மனைவிக்கோ அடிவிழும் வாய்ப்பு கூடியிருந்தது. டெக்னோபார்க்கில் மகளுக்கு வேலை கிடைத்ததும் நகைக்கும் காருக்கும் பணம் சேர்க்கும் அப்பாக்கள், அதே பணத்தில் அவள் பெயருக்கு இரண்டு சென்ட் நிலம் பதிவு செய்வதைப் பற்றியும் விசாரிக்கலாம்.