காவல் நாயைக் காவு கொள்ளும் கருப்பைச் சீழ்

ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில் உள்ள பாகலூர் வட்டாரத்தில் தக்காளி, முட்டைக்கோஸ், ரோஜா சாகுபடி செய்யும் சிறு விவசாயிகள் பலர். தோட்டத்து வீட்டில் கறவை மாட்டோடு ஒரு நாயும் இருக்கும். இரவில் பறித்து வைத்த காய்க்கும் பம்புசெட்டுக்கும் அதுவே காவல். ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கும்போது முதலில் குரல் கொடுப்பதும் அதுதான்.

ஆனால் மாடு தீவனம் எடுக்காவிட்டால் உடனே டாக்டரைத் தேடும் விவசாயி, நாய் சோறு உண்ணாமல் படுத்தால், "இரண்டு நாளில் தானே எழுந்துவிடும்" என்று விட்டுவிடுவது உண்டு. பெட்டை நாய்க்கு இந்த இரண்டு நாள் தாமதமே உயிருக்கு உலை வைத்துவிடலாம். கருப்பையில் சீழ் கட்டும் நோயாக அது இருக்கக்கூடும். கால்நடை மருத்துவர்கள் இதைப் பயோமெட்ரா என்று அழைக்கின்றனர்.

நோய் எப்படி உண்டாகிறது?

பெட்டை நாய் பொதுவாக ஆறேழு மாதத்திற்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். பருவம் முடிந்தபின், ஆண் நாயுடன் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சூலகத்திலிருந்து புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுமார் இரண்டு மாதம் சுரக்கிறது. கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவர் தடித்து நீர் சுரக்கிறது. கருப்பை வாய் மூடிக்கொள்கிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் அங்கே குறைகிறது. பருவத்தின்போது வாய் திறந்திருந்த சமயத்தில் உள்ளே ஏறிய கிருமிகளுக்கு இது நல்ல விளைநிலம். குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியாவே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம்.

ஒவ்வொரு பருவத்திலும் கருப்பைச் சுவர் இவ்வாறு மாறுவதால், கருத்தடை செய்யப்படாத நடுத்தர வயது, முதிய வயது நாய்களிடம் இந்நோய் அதிகம். ஸ்வீடன் நாட்டில் காப்பீடு செய்யப்பட்ட பெட்டை நாய்களை ஆராய்ந்தபோது, 10 வயதிற்குள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்நோய் வந்தது தெரிந்தது. குட்டி வேண்டாம் என்று போடப்படும் ஹார்மோன் கருத்தடை ஊசியும் இந்நோயை வரவழைக்கக்கூடும்.

அறிகுறிகள்

பருவம் முடிந்து இரண்டு மாதத்திற்குள் நோய் தலைகாட்டுவதே வழக்கம். முதலில் கவனிக்க வேண்டியது தாகம். கிருமிகளின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால் நாய் அடிக்கடி சிறுநீர் கழித்து, தொட்டி தொட்டியாய்த் தண்ணீர் குடிக்கும். பிறகு உணவை வெறுக்கும், வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். காய்ச்சல் சில நாய்களுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இராது.

கருப்பை வாய் திறந்திருந்தால் துர்நாற்றமுள்ள சீழ் அல்லது இரத்தம் கலந்த நீர் வடியும். நாய் அடிக்கடி பின்புறத்தை நக்கும். வாய் மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இதுவே மிக ஆபத்தானது. சீழ் உள்ளேயே தேங்கி வயிறு உப்பும். "நாய் சினையாக இருக்கிறது" என்று வீட்டார் மகிழ்ந்திருப்பார்கள். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாட்கள். வயிறு பருத்துக்கொண்டே போக, நாய் மட்டும் மெலிந்து, தீனி எடுக்காமல் தண்ணீரையே நாடினால் சினை என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. கருப்பை கிழிந்து சீழ் வயிற்றுக்குள் பரவினாலும், நஞ்சு இரத்தத்தில் கலந்தாலும் நாய் பிழைப்பது அரிது.

சிகிச்சை

ஸ்கேன், இரத்தப் பரிசோதனை மூலம் நோயை உறுதி செய்வார்கள். குளுகோஸ் ஏற்றி, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து நாயைத் தேற்றி, கருப்பையையும் சூலகங்களையும் அறுவை செய்து அகற்றுவதே உறுதியான சிகிச்சை. ஊசி மருந்து மட்டும் போட்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். குட்டி எடுக்க வேண்டிய இளம் நாயாக இருந்து, சீழும் வெளியேறிக்கொண்டிருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் மருந்தாலேயே குணப்படுத்த முயல்வதுண்டு. எனினும் அடுத்த பருவத்தில் நோய் திரும்பலாம்.

வயிற்றை அமுக்கிச் சீழை வெளியேற்ற முயல்வது கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரையும் கொடுக்கக் கூடாது. சீழைக் கையால் தொட நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பாகலூர் விவசாயிகள் முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவரிடம் நாயைக் காட்டலாம். பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், பெங்களூரு ஹெப்பாளில் 1958ஆம் ஆண்டிலும், நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

தடுப்பு முறை

குட்டி தேவையில்லை என்றால், நாய் நலமாக இருக்கும்போதே கருத்தடை அறுவை செய்துவிடுவது சிறந்தது. பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது. நலமான நாய்க்குச் செய்யும் அறுவையில் ஆபத்தும் செலவும் குறைவு. சீழ் கட்டியபின் இரண்டும் கூடும். கருத்தடை செய்தால் நாய் குரைக்காது, காவல் காக்காது என்பது வீண் அச்சம்.

அறுவை செய்யாத நாய் என்றால், பசுவுக்குச் சினை ஊசி போட்ட நாளைக் காலண்டரில் குறித்து வைப்பதுபோல், நாய் பருவத்திற்கு வந்த நாளையும் குறித்து வைப்பது அவசியம். பருவம் அடங்கியபின் இரண்டு மாதம் வரை அதன் தண்ணீர்த் தொட்டியையும் சோற்றுத் தட்டையும் கவனித்து வர வேண்டும். தொட்டி சீக்கிரம் காலியாகி, தட்டில் சோறு மிஞ்சினால் அன்றைக்கே நாயை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.