தள்ளுபடியான புகாருக்கு மறுபடி உயிர்: பிரிட்டனின் பிபிஐ வழக்குகள்

2006இல் இங்கிலாந்தில் 59 வயதுப் பெண் ஒருவர் தன் வீட்டை ஈடு வைத்து 34,000 பவுண்டு கடன் வாங்கினார். கூடவே ஒரு காப்பீட்டையும் தலையில் கட்டினார்கள். பிரீமியம் 5,780 பவுண்டு. அதையும் கடனோடு சேர்த்து வட்டி வசூலித்தார்கள். கடன் 10 ஆண்டுக்கு, காப்பீடு 5 ஆண்டுக்கு. அந்த 5,780இல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 1,630 பவுண்டுதான். தரகர் 1,870 எடுத்துக்கொண்டார். கடன் கொடுத்த நிறுவனம் 2,280 எடுத்துக்கொண்டது. நூற்றுக்கு 71.8 கமிஷன்! இவ்வளவு போகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வேலை போனாலோ நோயில் படுத்தாலோ கடன் தவணையைக் கட்டும் காப்பீடு இது. பிபிஐ என்று சொன்னால் பிரிட்டனில் எல்லோருக்கும் தெரியும். சொந்தத் தொழில் செய்பவர், ஓய்வு பெற்றவர் என்று இழப்பீடு கேட்கவே முடியாதவர்களிடமும் விற்றார்கள். புகார்கள் குவிந்தபோது வங்கிகள் ஆராய்ந்ததெல்லாம் விற்ற விதத்தைத்தான்: கட்டாயமில்லை என்று சொன்னார்களா, வாங்கியவர் அதற்குத் தகுதியானவரா? விற்பனையில் குறையில்லை என்று வங்கி முடிவு செய்தால் புகார் தள்ளுபடி. கமிஷனைப் பற்றி வாடிக்கையாளர் எப்படிக் கேட்பார்? அது எவ்வளவு என்றே அவருக்குத் தெரியாதே.

அந்தப் பெண்ணின் வழக்கில், பிளெவின் வழக்கு என்று இன்று அறியப்படுவதில், 2014 நவம்பர் 12 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு பெரிய கமிஷனைச் சொல்லாமல் விட்டதே, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, கடன் உறவை நியாயமற்றதாக்குகிறது என்றது. விற்ற விதம் சரியாகவே இருந்தாலும் இனிப் புகாருக்கு வேறொரு காரணம் கிடைத்துவிட்டது.

2017 ஆகஸ்டில், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்தின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. கமிஷன் 50 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியைத் திருப்பித் தர வேண்டும். முன்பு புகார் தள்ளுபடியானவர்களில் இதற்குத் தகுதியானவர்களுக்கு, மறுபடி புகார் செய்யலாம் என்று நிறுவனங்களே கடிதம் எழுத வேண்டும். புகார் செய்யக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. மக்களுக்கு நினைவூட்ட அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் தலையை இயந்திரப் பொம்மையாகச் செய்து விளம்பரம்கூட வந்தது. 2011இலிருந்து வங்கிகள் திருப்பிக் கொடுத்த மொத்தத் தொகை சுமார் 38 பில்லியன் பவுண்டு. ஆனாலும் அந்த 50 விழுக்காட்டுக் கோடு எனக்கு நியாயமாகப் படவில்லை. மறைத்தது முழுவதும் தவறென்றால், பாதியை வைத்துக்கொள்ள விடுவானேன்?

இதையே இன்னொரு பெண் நீதிமன்றத்தில் கேட்டார். அவர் கட்டிய பிரீமியத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் கமிஷன். ஆணையத்தின் விதிப்படி ஒரு பகுதி கைக்கு வந்தபின், மீதியைக் கேட்டு 2018இல் வழக்குப் போட்டார். கடன் முடிந்தது 2010இல்; 6 ஆண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது என்றது அவருக்குக் கடன் கொடுத்த கனடா ஸ்கொயர் நிறுவனம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நிறுவனம் தெரிந்தே மறைத்த செய்தி வெளிவரும் வரை, அல்லது முயன்றால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாள் வரை, காலம் ஓடத் தொடங்காது என்றது. பத்தாண்டுப் பழைய அநீதிக்கு இதைவிடப் பெரிய கதவு திறந்ததாக நான் அறியவில்லை.

பழைய புகார்க் கடிதத்தையே மறுபடி அனுப்பினால் பழைய பதில்தான் வரும். புகார் உயிர்பெற்றது புதிய காரணத்தால். இன்று முயல்கிறவர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி வங்கி வைத்திருக்கும் பதிவுகளைக் கட்டணமின்றிக் கேட்டு வாங்கலாம். பணம் மீட்டுத் தருகிறோம் என்று வரும் இடைத்தரகு நிறுவனங்களிடம் போவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. 2018இல் சட்டம் அவர்களின் கட்டணத்துக்கு வரிபோக 20 விழுக்காடு என்று உச்சவரம்பு வைக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. 2019ஆம் ஆண்டுக் கெடு முடிந்ததால் இனிப் பெரும்பாலோருக்கு நீதிமன்றம்தான் வழி. கமிஷன் விவரம் தனக்கு எப்போது தெரிந்தது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியின் கடிதம் 2017இலோ 2018இலோ கைக்கு வந்திருந்தால், அந்த 6 ஆண்டும் முடிந்துபோனதென்று வங்கி வாதாடும்.