கடற்கரைக்கு எந்த மெட்டல் டிடெக்டர்? முதல் போடுமுன் கவனிக்க வேண்டியவை

கடலோர ஊர்களில் கடை வைத்திருக்கும் வணிக நண்பர்கள், "மணலில் நகை தேடும் கருவி ஒன்று வாங்கலாமா? குறைந்த விலையில் எது நல்லது?" என்று கேட்பதுண்டு. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், கன்னியாகுமரி போன்ற இடங்களில் கடலில் நீராடுவோர் மோதிரம், கம்மல், சங்கிலி என்று தவறவிடுவது வாடிக்கை. தொலைத்தவர் பதறிக்கொண்டு முதலில் ஓடி வருவதும் பக்கத்துக் கடைக்குத்தான். தேடிக் கொடுக்கவோ, வாடகைக்கு விடவோ, விற்கவோ நினைப்போர் ஒன்றை அறிய வேண்டும். உலர்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும் மலிவான கருவி, அலை வந்து போகும் ஈர மணலில் ஓயாமல் கத்தும். அங்கே அது உதவாது. போட்ட முதல் வீண்.

உப்பு ஏன் தொல்லை தருகிறது?

கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாயும்போது காந்தப் புலம் உண்டாகி மணலுக்குள் இறங்குகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதில் சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அதன் எதிரொலியை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈர மணல் முழுவதுமே மெல்லிய உலோகத் தகடுபோல் கருவிக்குத் தெரிகிறது. மெல்லிய தங்கச் சங்கிலி தரும் எதிரொலியும் இதைப்போலவே இருப்பதுதான் சிக்கல். உப்பை ஒதுக்கும்படி கருவியைத் திருப்பி வைத்தால், உப்போடு சிறு தங்கமும் ஒதுங்கிப்போகும்.

மூன்று வகைகள்

முதலாவது, ஒரே அலைவரிசையில் இயங்குவது. விலை குறைந்தவை பெரும்பாலும் இவ்வகையே. உலர்ந்த மணலுக்கும், ஆறு, குளக் கரைகளுக்கும் போதும். ஈர உப்பு மணலில் கத்தலை அடக்க உணர்திறனைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்தால் ஆழத்தில் கிடப்பது தெரியாது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்குவது. வெவ்வேறு அலைவரிசைகளின் எதிரொலிகளை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடும். நம் மின்னணுத் தராசில் டப்பாவின் எடையைக் கழித்துச் சரக்கை மட்டும் நிறுப்பதைப்போல என்று கொள்ளலாம். இரும்பையும் மற்ற உலோகங்களையும் ஓரளவு பிரித்தும் சொல்லும்.

மூன்றாவது, விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் வகை. உப்புநீரில் எழும் ஓட்டம் நொடியில் மிகச் சிறு பங்கிற்குள் அடங்கிவிடும். உலோகத்தில் சற்று நீடிக்கும். கருவி அந்த இடைவெளி கழித்தே கவனிப்பதால் உப்பு தொல்லை தராது. ஆழத்திலும் நன்றாகக் காணும். ஆனால் ஆணி, சோடா மூடி எல்லாவற்றுக்கும் ஒலி கொடுக்கும். தோண்டித் தோண்டிக் கை ஓய்ந்துவிடும். கேரட் நிறுவனத்தின் சீ ஹன்டர் மார்க் 2 இவ்வகை.

நீர் புகாமை வேறு, உப்பைத் தாங்குவது வேறு

விற்பவர் "வாட்டர் புரூஃப்" என்றதும் பலர் ஏமாறுவது இங்கேதான். 2019இல் வந்த நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 3 மீட்டர் வரை நீரில் மூழ்கலாம். ஆனால் அது ஒற்றை அலைவரிசைக் கருவி. அதே ஆண்டு வந்த மைன்லேப் வான்குவிஷ் 340 பல அலைவரிசைக் கருவி; அமெரிக்காவில் 199 டாலருக்கு வெளியானது. இதிலோ தட்டு மட்டுமே நீரில் இறங்கலாம்; மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. ஈர மணலில் நடந்து தேடுவோருக்குப் பின்னது சிக்கனம். இடுப்பளவு நீரில் இறங்குவோருக்கு இரண்டு குணமும் வேண்டும். 2018இல் 649 டாலருக்கு வந்த மைன்லேப் எக்வினாக்ஸ் 600 அப்படிப்பட்டது. வெளிநாட்டு விலையோடு சுங்க வரி, ஜிஎஸ்டி, கப்பல் கூலி சேர்த்துக் கடைக்கு வந்து சேரும் விலையைக் கணக்கிடுங்கள்.

வேறு இரண்டு செய்திகள்

மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில் மணலில் இல்மனைட் முதலிய கனிமங்கள் கலந்துள்ளன. அந்தக் கருமணலும் கருவியைக் குழப்பும். மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் வசதி கருவியில் உண்டா என்று கேளுங்கள்.

2011 முதல் வெளியான 1, 2 ரூபாய் நாணயங்கள் காந்தம் இழுக்கும் எஃகால் ஆனவை. இரும்பை ஒதுக்கும்படி வைத்தால் இவற்றையும் கருவி ஒதுக்கிவிடக்கூடும்.

வாங்கும்போது

பணம் கொடுக்குமுன் அலை நனைக்கும் மணலில் ஒரு மெல்லிய மோதிரத்தை நூலில் கட்டிப் புதைத்துச் சோதியுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். பழுதுபார்ப்பும் உதிரி பாகமும் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, ரசீதும் உத்தரவாதமும் எழுத்தில் பெறுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

கிடைத்த பொருள் யாருடையது?

கண்டெடுத்தவன் உரிமையாளன் அல்ல. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்து வைத்துக்கொள்பவர், பாதுகாக்க ஒப்படைக்கப்பட்டவரைப்போல் பொறுப்பானவர் என்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பழம்புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது.

தாலியைத் தொலைத்து நிற்கும் யாத்ரீகருக்கு அதைத் தேடிக் கொடுத்த கடைக்காரரின் பெயர் ஊர் தாண்டியும் பேசப்படும். அந்த நற்பெயரும் வணிகனுக்கு முதல்தான். கருவியை மண்ணறிந்து வாங்குவோம். கிடைத்ததை உரியவரிடம் சேர்ப்போம்.