பழைய குற்றப் பதிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

ஒரு சிறுமியோ பெண்ணோ பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்படும்போது, "முன்னரும் இப்படிச் செய்தவன் யார்?" என்ற கேள்விதான் எமது ஊர்களில் முதலில் எழுகிறது. பொலிஸாரும் பெரும்பாலும் அங்கிருந்தே தேடுகின்றனர். இதில் நியாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

இத்தகைய கொலையாளிகள் குறித்த ஆய்வுகள் பொதுவாக ஒன்றைச் சொல்கின்றன. அவர்களுள் பலர் பாலியல் குற்றம் மட்டுமே செய்து வந்தவர்கள் அல்லர். களவு, வீடு உடைத்தல், அடிதடி எனப் பலவகைக் குற்றங்கள் அவர்களது கடந்த காலத்தில் கலந்து கிடக்கின்றன. சிலருக்கு எந்தப் பதிவுமே இல்லை. ஆகவே பாலியல் குற்றவாளிகளின் பட்டியலை மட்டும் புரட்டுபவர்கள் உண்மையான ஆளைத் தவறவிடக்கூடும்.

தண்டனை பெறாததால் ஒருவர் சுத்தமானவர் என்றும் ஆகிவிடாது. 2002 இல் இங்கிலாந்தின் சோஹம் நகரில் 10 வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றவர் ஒரு பாடசாலைப் பராமரிப்பாளர். வேறொரு பிரதேசத்தில் அவர் மீது பல பாலியல் முறைப்பாடுகள் இருந்தன. எதிலும் அவர் தண்டிக்கப்படவில்லை. அந்தத் தகவல் வேலை கொடுத்த பாடசாலையைச் சென்றடையவும் இல்லை. பொலிஸார் தகவல்களைப் பேணிப் பகிர்ந்துகொள்வதில் இருந்த குறைகளை 2004 இல் வெளிவந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கை வெளிச்சமிட்டது.

மறுபக்கத்தை எமது நாட்டிலேயே கண்டோம். 2015 செப்டம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். முதலில் ஒரு பாடசாலை மாணவனும் மற்றொருவரும் கைதாகினர். அடுத்துப் பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் கூறினர். மரபணுப் பரிசோதனை மூவருடனும் பொருந்தவில்லை. பொருந்தியது மூன்றாமவரின் சகோதரருடன். 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. பரிசோதனை நடந்திராவிட்டால், ஊரின் கோபம் அப்பாவி ஒருவரின் தலையிலேயே விழுந்திருக்கும்.

கடந்த காலம் எங்கே தேடலாம் என்று காட்டும். யார் செய்தார் என்று நிரூபிக்காது. நிரூபிப்பது தடயமும் சாட்சியமுமே.

இதில் எமக்கும் ஒரு பங்குண்டு. ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூர்களில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். அதனாலேயே ஒரு பிள்ளை சொல்லும் முறைப்பாடு, "குடும்ப மானம் போய்விடும்" என்று பேசி முடித்து வைக்கப்படுகிறது. தொல்லை கொடுத்தவர் வேறு ஊருக்குப் போகிறார். அங்கே அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. முறைப்பாடு இல்லாத இடத்தில் பதிவும் இல்லை. பதிவில்லாத இடத்தில் எச்சரிக்கையும் இல்லை.

சிறுவர் தொடர்பான முறைப்பாடுகளை 1929 என்ற இலக்கத்துக்கும், பெண்கள் தொடர்பானவற்றை 1938 என்ற இலக்கத்துக்கும் தெரிவிக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்ய வேண்டியது சமரசம் அல்ல. பாதிக்கப்பட்ட குடும்பத்துடன் பொலிஸ் நிலையம் வரை கூடச் செல்வதே.